மண்ணெண்ணெய்ப் பெருமையும் மாற்றிப்பார்க்கும் வைத்தியமும்

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைக் கடந்த நாலுபேர் ஓரிடத்தில் கூடினால் மண்ணெண்ணெய்க் காரின் கதை வராமல் போகாது. சென்ற மாதம் கோண்டாவிலில் ஓர் அந்தியேட்டி வீட்டிலும் வந்தது. கதையைத் தொடக்கியவர் என்னிலும் மூத்தவர். பெற்றோல் ஒரு சொட்டும் கிடையாத காலத்தில் தன்னுடைய ஏ 40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பிள்ளைத்தாய்ச்சியை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை அது. நன்றாகவே சொன்னார். இளையவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். டாஷ்போர்ட்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் சிறியதொரு பிள்ளையார் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. விசாரித்தேன்.

"அது எந்நாளும் எரியிறதுதான் தம்பி. கண்ணைக் குத்துது எண்டு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டன்."

அந்த ஸ்ரிக்கரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பெரியவரைக் குறைசொல்ல எழுதவில்லை. அவருடைய ஸ்ரிக்கர் நம் எல்லாருடைய வீட்டிலும் ஏதோவொரு வடிவத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய பெருமையைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அந்தப் பெருமைக்குக் காரணமாயிருந்த பழக்கத்தை, அதாவது எஞ்சின் ஏன் இப்படி ஓடுகிறது என்று நாமே கேட்டு நாமே தேடும் பழக்கத்தை, எங்கோ தொலைத்துவிட்டோம். தொலைத்ததற்கு மாதாமாதம் காசும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பழங்கதையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாக, யானை விலையில் கிடைத்தது. வீடுகளில் ஏற்கெனவே ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று 1950களின் பிரித்தானியக் கார்கள் நின்றன. ஒரு சிறு போத்தலில் பொன்போலச் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளைப் புகை எழும். கண் எரியும். ஆனால் கார் ஓடும்.

ஏன் ஓடியது? இதைச் சொல்லும்போது மட்டும் நம் கதைசொல்லிகள் "எங்கட ஆக்களின்ரை மூளை" என்று முடித்துவிடுவார்கள். மூளைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூளை ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு வேலைசெய்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் தொடங்கவேண்டும். அதன் ஒக்ரேன் பெறுமானம் குறைவு. அழுத்தம் மிகுந்த எஞ்சினில் அது நேரத்துக்கு முன்னே வெடித்துத் தட்டும். ஏ 40 போன்ற எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது, ஆகவே தாங்கின. இதே தத்துவத்தில், பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெய்க்கு மாறும் பெர்குசன் உழவு இயந்திரங்களைப் பிரித்தானியாவில் 1940களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலையிலேயே செய்து விற்றார்கள். நாம் செய்தது, அவர்கள் வசதியோடு செய்ததை ஒன்றுமில்லாமல் செய்தது. அதுவே போதிய பெருமை, மிகைப்படுத்தத் தேவையில்லை.

அந்த எஞ்சின்கள் பட்ட பாட்டையும் யாரும் சொல்வதில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலந்தது. ஒயில் தண்ணீராய்ப் போனது. அளவுக்கோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். அப்படி முகர்ந்து பார்த்து, வேளைக்கு ஒயிலை மாற்றியவனின் எஞ்சின் பிழைத்தது. ஓடுகிறதுதானே என்று விட்டவனின் பெயரிங் போயிற்று. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றபோது சில இளைஞர்கள் என்னிடம் "அப்ப செய்த மாதிரி இப்பவும் செய்யலாமே ஐயா" என்று கேட்டார்கள். பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அழுத்தமும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்ரரும், புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சரும் கொண்ட இன்றைய எஞ்சினில் அதைச் செய்தால் எஞ்சின் தட்டும், சென்சர் கரிபிடிக்கும், அதற்கப்பாலிருக்கும் விலையுயர்ந்த கற்றலிற்றிக் கொன்வேட்டர் பாழாகும். பழைய கதையில் காரணத்தை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான் கேள்வி வரும்.

நான் அந்நாட்களில் பத்திரிகையில் இருந்தேன். கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சான காலம். அச்சகத்து ஜெனரேற்றரும் மண்ணெண்ணெயில்தான் திக்கித் திக்கி ஓடியது. அதைப் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணையிடம் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டும், ஒரு கம்பிப் பிரஷும், கொஞ்சம் அரத்தாளும் இருந்தன. வேறொன்றுமில்லை. மாற்றுவதற்கு உதிரிப்பாகம் கிடையாது என்பதால் பிழையைக் கண்டுபிடிப்பதைத் தவிர அவருக்கு வழியிருக்கவில்லை. வந்ததும் சாவியைத் தொடமாட்டார். எப்போது தொடங்கியது, குளிரிலா சூட்டிலா, சும்மா ஓடும்போதா சுமை ஏறும்போதா, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்று கேட்பார். எனக்கு அது செய்தி சேகரிப்பதைப் போலவே இருக்கும். பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பார். இளம் மண்ணிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு. ஒயில் பிசுக்கு என்றால் வளையமோ வால்வோ தேய்ந்துவிட்டது. எரிபொருளில் நனைந்திருந்தால் அங்கே பொறி விழவில்லை. பிறகு ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோவார், வைத்தியர் நெஞ்சைப் பரிசோதிப்பதைப் போல.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

எங்களிடம் இருப்பது நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு ஜப்பானியச் சிறு கார். அதை ஓட்டுபவள் என் மருமகள்; நாள்தோறும் பாடசாலைக்குப் போய்வருகிறாள். சென்ற ஆண்டு ஒருநாள் எஞ்சின் நடுங்கத் தொடங்கியது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். (பெயர் வேண்டாம். அவர்கள் செய்ததைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள்.) ஸ்ரியறிங்குக் கீழேயுள்ள பதினாறு முனைச் சொக்கெற்றில் கருவியைச் செருகினார்கள். திரையில் பி 0171 என்று வந்தது. கணினியே சொல்லிவிட்டதென்று ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. நான்கு நாளில் மீண்டும் எரிந்தது. "ஐயா, பிளக்கையும் ஒருக்கா மாத்திப் பாப்பம்." மாற்றினார்கள். "கொயிலை மாத்திப் பாப்பம்." மாற்றினார்கள். மூன்று தடவையிலும் போன காசு ஓர் ஆசிரியையின் ஒருமாதச் சம்பளத்தை எட்டிவிட்டது. கார் அப்படியே நடுங்கியது.

நான்காவது தடவை எரிபொருள் பம்பை மாற்றிப் பார்ப்போம் என்றபோதுதான் எனக்கு உறைத்தது: இந்த மூன்று தடவையிலும் யாரும் மருமகளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என்னிடம், அந்தக் காரை மாதத்தில் இருமுறைகூட ஓட்டாத என்னிடம். ஆண்பிள்ளை நிற்கிறான் அல்லவா! நானும் பெரிய விஷயகாரனைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு அவளிடம் கேட்டேன். அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். "காலமையிலை கூட மாமா. நிக்கேக்கை சத்தம் ஏறி இறங்கும். றோட்டிலை ஓடத் தொடங்கினா ஒண்டும் தெரியாது. ஏதோ சீறுற மாதிரி ஒரு சத்தமும் கேக்கும்."

இந்த நாலு வசனமும் மூன்று சென்சரின் விலை பெறும். நின்று ஓடும்போது மட்டும் நடுக்கம். வேகம் எடுத்தால் மறைந்துவிடும். அப்படியென்றால் எஞ்சினுக்குள் எங்கோ களவாகக் காற்று புகுகிறது. நின்று ஓடும்போது எஞ்சின் இழுப்பது சிறிதளவு காற்று. அதில் களவுக்காற்று பெரும்பங்கு. வேகமாக ஓடும்போது இழுக்கும் காற்று பெருகிவிடுகிறது; களவுக்காற்று அதில் கரைந்துபோகிறது. பி 0171 என்ற எண் சொன்னதும் இதையேதான். காற்றுக்கேற்ற எரிபொருள் போதவில்லை என்பது அதன் பொருள். ஒட்சிசன் சென்சர் பழுது என்று அது எங்கும் சொல்லவில்லை. முறைப்பாடு கொடுத்த சாட்சியைப் பிடித்துச் சிறையில் போட்டதைப் போல, உண்மையைச் சொன்ன சென்சரையே கழற்றி எறிந்துவிட்டோம்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பொனெற்றைத் திறந்தோம். கைபேசியுடன் இணையும் சிறு கருவியொன்றைப் பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்தான். எஞ்சினின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறது என்பதை அதில் ஓடும் எண்களாகப் பார்க்கலாம். நின்று ஓடும்போது இருபது சதவீதத்துக்குமேல் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலேற்றரை மெல்ல அழுத்தி 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் அந்த எண் சரசரவென்று இறங்கிப் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தது. எரிபொருள் பம்பில் குறையிருந்தால் இதற்கு நேர்மாறாக, வேகம் கூடக்கூட எண்ணும் ஏறியிருக்கும். பிறகு பழைய அண்ணையின் ரப்பர்க் குழாய் வைத்தியம். சுழலும் பட்டியிலிருந்து கையையும் சேலையையும் விலக்கிவைத்துக்கொண்டு மருமகளே காதில் வைத்துக் கேட்டாள். எஞ்சினின் உட்கழிவுக் காற்றை மீண்டும் உள்ளிழுக்கும் வளைந்த ரப்பர்க் குழாயொன்றின் நுனி காய்ந்து வெடித்திருந்தது. எஞ்சினை நிறுத்தி, வெடித்த ஒரு சென்ரிமீற்றரை வெட்டி எறிந்து, மீதியை இழுத்துச் செருகினோம். நடுக்கம் நின்றது. செலவு ஒன்றுமில்லை. குழாய் புதியது பிறகு வாங்கிப் போட்டோம்.

இதைச் சொன்னால் மூன்று விதமான மறுப்பு வருகிறது. "இப்போதைய கார் எல்லாம் கொம்பியூட்டர், வீட்டில் கைவைக்க முடியாது" என்பது முதலாவது. உண்மை இதற்கு நேரெதிர். 1996இலிருந்து அமெரிக்காவிலும், 2001இலிருந்து பெற்றோல் கார்களுக்கு ஐரோப்பாவிலும் அந்தப் பதினாறு முனைச் சொக்கெற்றைக் கட்டாயமாக்கியதே, காருக்குள் நடப்பதை வெளியார் வாசிக்கமுடிய வேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் மெக்கானிக் அண்ணைக்கு அந்த ஓடும் எண்கள் கிடைத்திருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார். கணினி முறைப்பாட்டைப் பதிந்துகொள்கிறது, அவ்வளவுதான். விசாரணை நாம் செய்யவேண்டியது.

"ஆபத்தல்லவா" என்பது இரண்டாவது. ஆபத்தான இடங்கள் உண்டு. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் உறைபோட்ட கம்பிகளில் 200 வோல்ற்று அளவிலும் அதற்கு மேலும் மின்சாரம் ஓடும், அதைத் தொடக்கூடாது. பிரேக்கையும் எயார்பாக்கையும் விட்டுவிடுங்கள். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின்மீது பெற்றோல் தெளிக்கும் மடைத்தனத்தையும் செய்யாதீர்கள்; பலரும் செய்கிறார்கள். ஆனால் பிழையைக் கண்டறிவது வேறு, திருத்துவது வேறு. காய்ச்சல் எப்போது வந்தது, இருமினால் சளி வருகிறதா என்று வைத்தியரிடம் சொல்வதற்கு நீங்கள் வைத்தியராய் இருக்கத் தேவையில்லை. விடியற்காலைக் குளிரில் முதன்முதல் ஸ்ரார்ட் செய்வது வீட்டில்தான் நடக்கிறது. கராஜுக்குப் போய்ச்சேரும்போது எஞ்சின் சூடேறி நோயை மறைத்துவிடுகிறது. நோய்க்குறி வீட்டில் இருக்கும்போது விசாரணையை வேறெங்கு வைப்பது?

மூன்றாவது மறுப்பு புலம்பெயர்ந்த நம் உறவுகளிடமிருந்து வருவது. "அதுகளோடை மினக்கெடாமல் மாத்தச் சொல்லுங்கோ, காசு அனுப்புறம்." ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இதை வாசிப்பவர்கள் கோபிக்கக்கூடாது. அங்கே உங்கள் கார் பழுதானால் பிழையைக் கண்டறிவதற்கென்று தனியாக மணிக்கணக்கில் கட்டணம் கொடுக்கிறீர்கள். பிறகுதான் திருத்தத்துக்குச் சம்மதிக்கிறீர்கள். ஊரில் மட்டும் ஏன் குருட்டுக் காசு? நீங்கள் பனியில் நின்று உழைத்தது ஒரு நல்ல சென்சரைக் குப்பையில் போடவா?

இது வெறும் காசுக் கணக்கும் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை காணி விலையைப்போல ஏறியது. பல குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்த சொத்து வாசலில் நிற்கும் அந்தக் கார்தான். வயதானவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் அதுவே அம்புலன்ஸ். அதைத் தெரியாத எவனும் மாற்றிப் பார்க்கும் பரிசோதனைக் கூடமாக விட்டுவைப்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

கராஜ்காரரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த வெடித்த ரப்பர்த் துண்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: "ஐயா, நான் ஒரு மணித்தியாலம் தேடிப்போட்டு, குழாய் வெடிச்சிருக்கு, வெட்டிப் போட்டிருக்கிறன் எண்டு சொல்லியிருந்தா நீங்கள் எவ்வளவு தந்திருப்பியள்?"

நான் வாயடைத்து நின்றேன். நூறு இருநூறு ரூபாய் நீட்டியிருப்பேன். "ஒரு குழாயை வெட்டினதுக்கு என்ன காசு" என்று மனதுக்குள் முணுமுணுத்தும் இருப்பேன். புதுப்பெட்டியில் வந்த பாகத்துக்குப் பேரம் பேசாமல் காசு கொடுக்கிறோம். யோசித்த மூளைக்குக் கொடுக்கமாட்டோம். காலையில் விட்டுவிட்டு மாலைக்குள் வேண்டும் என்றும் நிற்போம். குளிர்ந்த எஞ்சினைப் பார்க்க ஓரிரவு காரை விட்டுப்போங்கள் என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவனுக்கு வேலை தெரியாது என்று ஊரெல்லாம் சொல்வோம். பாகம் விற்றால்தான் பிழைப்பு என்ற நிலைக்கு அவனைத் தள்ளியவர்கள் நாம்.

இன்னொன்று. நம் மண்ணுக்கென்று சில எஞ்சின் வியாதிகள் உண்டு. எந்தக் கருவியும் அவற்றைப் பெயர்சொல்லிக் காட்டாது. குடாநாட்டில் ஏற்றம் கிடையாது. எரிபொருள் பம்பு பலவீனமடைந்தால் யாழ்ப்பாண நகரத்துக்குள் வருடக்கணக்கில் தெரியாது. ஏ 9 வீதியில் லொறியை முந்தப்போகும் வேளையில்தான் தெரியும், அது தெரியக்கூடாத வேளை. பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் கடற்காற்று உப்பு, எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் மின்கம்பியின் முனையை அரித்துவிடும். நல்ல பற்றரியைத்தான் பழி சொல்லி மாற்றுவார்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும். கூடவே ஒரு மூடநம்பிக்கையும் உண்டு: எஞ்சின் மிஸ் அடித்தால் 92 ஒக்ரேனை விட்டு 95 அடித்தால் சுகமாகும் என்பது. தட்டும் எஞ்சினுக்கு அது உதவலாம். பொறி விழாத சிலிண்டருக்கு எந்தப் பெற்றோலும் உதவாது.

அந்த நாளுக்குப் பிறகு காருக்குள் ஒரு பாடசாலைக் கொப்பி இருக்கிறது. என்ன நடந்தது, குளிரிலா சூட்டிலா, மழையா, எப்போது பெற்றோல் அடித்தது என்று மருமகள் எழுதுவாள். இந்த வருடத் தொடக்கத்தில் அதில் ஒரு குறிப்பு: ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் வெப்பமுள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. கொப்பியை எடுத்துக்கொண்டு அதே கராஜுக்குப் போனோம். "ஒன்றையும் மாற்றவேண்டாம். இரவு காரை வைத்துக்கொண்டு தேடுங்கள். தேடியதற்குக் காசு தருகிறேன்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு கொப்பியை வாங்கி வாசித்தார். இம்முறை கேள்விகளை மருமகளிடம் கேட்டார்.

மறுநாள் காலை எங்களை அழைத்தார். விசிறி நன்றாகச் சுழல்கிறது என்று ஓடவிட்டுக் காட்டினார். எஞ்சின் ஆறிக் குளிர்ந்தபின் றேடியேற்றர் மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டுத் தடவி எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். விரல் நுனியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் படியுமே, அதே சுண்ணாம்பு.

"இதுக்குள்ளை கிணத்துத் தண்ணி விட்டது ஆர்?" என்று கேட்டார்.

நான்தான்.